பனி காய்ந்த பிறகு

வல்லக்கோட்டை,
4.12.2005

ஹேமந்தின் அப்பாவுக்கு,

எழிலரசி எழுதுகிறேன். நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். செம்மறிக் குட்டிகள் நன்றாக இல்லை. பதினொன்றில் மூன்று செத்துவிட்டன. நோயால் மட்டும் சாகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் குட்டிகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியது. நீங்கள் மஸ்கட்டிலிருந்து போன் பூத்துக்குப் பேசினீர்கள். பூத் வைத்திருக்கும் லூர்தம்மாள் அக்கா, எழிலரசியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், அண்ணனைக் கூப்பிடு என்றீர்களாம். அண்ணனிடம் வீக்கத்துக்குச் சூடு போடச் சொன்னீர்கள். நான் கம்பெனியில் இருந்த நேரத்தில் உங்கள் அண்ணன் ரகுபதி அரிவாளைக் காய்ச்சி ஐந்து குட்டிகளின் தாடையில் இழுத்துவிட்டார். சாயங்காலம் நான் பட்டிக்குப் போனபோது முடி கருகின நாற்றம். ஒன்றுக்கும் வாயைத் திறந்து பால் குடிக்க முடியவில்லை. கேட்டதற்கு, "எங்கப்பா காலத்துலர்ந்து இப்படித்தான் போட்டுக்கினு கீறோம், நீ இன்னா டாக்டரா?" என்றார். நான்கு நாளில் இரண்டு செத்தன.

மூன்றாவது செத்ததும் அதை யூரியா சாக்கில் கட்டி, பஸ் ஏறி, கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சாக்குல இன்னாம்மா என்று கண்டக்டர் கேட்டார். கறி என்றேன். எவ்வளவுக்குக் கொடுப்பே என்றார்.

டாக்டரம்மா வயிற்றைக் கீறிக் காட்டினார். இரைப்பை முழுக்கச் சிவப்பு நூல் மாதிரிப் புழு. இவை ரத்தம் குடிக்கிறவை, ரத்தம் வற்றினால் தாடையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். "அந்தத் தண்ணிக்கா சூடு போட்டீங்க?" என்று கேட்டார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் விழ வேண்டிய அடியை நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும் என்று, விடியும்போதே குட்டிகளை ஏரிக்கரைப் புல்லில் விட்டுவிட்டுப் போவேன். பனி ஈரத்தில் புழுக்குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்குமாம். ஒன்பது மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகுதான் விட வேண்டுமாம். ஊர் ஆடு மொத்தமும் அந்த ஒரு துண்டு ஈரத்தில் மேய்ந்து, அங்கேயே புழுக்கை போடுகிறது. வேறு எங்கே போகும்? மேய்ச்சல் மேட்டைச் சுற்றி முள்கம்பி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. அங்கே புதுக் கம்பெனி வருகிறது என்றார்கள். இன்றுவரை உள்ளே ஒரு செங்கல் வைக்கவில்லை. புல் இடுப்பளவு நின்று காய்கிறது.

சூப்பர்வைசரிடம் மதிய ஷிப்ட் கேட்டேன். "ஆட்டுக்காக ஷிப்ட் கேக்குற மொத ஆளு நீதாம்மா. அதுக்கும் ஒரு ஐடி கார்டு போட்ரலாமா?" என்றார். லைனே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் நேற்றுவரை ஆடு இருந்தது. மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். என் தொல்லை தாங்காமல் கொடுத்தார். இப்போது ஹேமந்த் லூர்தம்மாள் அக்கா வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறான்.

மிச்சம் எட்டையும் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, எடைக்குத் தகுந்தபடி வயிற்றுப் பூச்சிக்கு மருந்து ஊற்றினேன். ஒரு நாள் பட்டியில் வைத்துவிட்டு, பல மாதமாக ஆடு கால் வைக்காத மேட்டில் விடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அப்படி ஓர் இடம் நமக்கு ஒன்றுதான் மிச்சம், உங்கள் இரண்டு பேருக்கும் பங்குள்ள அந்த அரை ஏக்கர் மேடு. உங்கள் அண்ணன் முள் அடைத்து யாரையும் விடாமல் வைத்திருந்தார். முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுக் குட்டிகளை உள்ளே விட்டேன். ஓடி வந்தார். வெல பேசின நெலத்துல ஆட்டை வுட்டா வாங்குறவன் இன்னா நெனைப்பான் என்று கத்தினார். நினைக்கட்டும் என்றேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

விலை பேசினது எனக்கு அன்றுதான் தெரியும். உங்களுக்கு ஆடி மாதமே தெரியுமாம்.

இன்று காலை குட்டிகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தம் இல்லாமல் போன வாரம் வரை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. இப்போது ஐந்துக்கு லேசாகச் சிவப்பு ஏறியிருக்கிறது. மூன்றைப் பற்றி இன்னும் சொல்ல முடியாது. அவற்றுக்கு அந்த மேடு இருந்தே ஆக வேண்டும்.

அந்த நிலத்தை விற்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்து, இந்தக் கவரில் வைத்து அனுப்பச் சொன்னார் உங்கள் அண்ணன். அது என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கவரை அவர் கையில் தூக்கிப் பார்ப்பார் என்பதால், கனத்துக்கு ஹேமந்த் நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். எழுதாத தாள்தான். பதிலை அதிலேயே எழுதுங்கள், என் பேருக்கு.

போன் பேசுவதானால் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் பேசுங்கள். நான் மேட்டில்தான் இருப்பேன். லூர்தம்மாள் அக்கா கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி,
எழிலரசி