ட்ரைட்டனில் ஹைடன்

இந்த வருடப் பதிவு 311. காலை 06:00

ட்ரைட்டன் ஆய்வு நிலையம், நெப்டியூனின் நிலவு. பதிபவர் தில்லைக்கரசி, பனி ஆய்வாளர். இங்கே இருப்பது நான் ஒருத்திதான். வெளி வெப்பநிலை மைனஸ் 235 டிகிரி. அதிர்வுமானி, காந்தமானி, வாயு அளவி, கேமரா எல்லாம் சீர்.

பூமியிலிருந்து அன்றாடச் செய்தி வந்தது. நான் கேட்டிருந்தது ஊர் திரும்பும் தேதி. இயக்குநர் பாக்கியநாதன் சார் அனுப்பியது ஹைடன் என்ற பழைய ஐரோப்பிய இசைமேதையின் சிம்பொனி. அந்த மனிதர் நூற்றுச் சொச்சம் எழுதிவைத்துவிட்டுப் போனது சாருக்கு ரொம்ப வசதி.

பதிவு 312. மாலை 17:20

சாரின் குரல்: "அரசிம்மா, இந்தக் கப்பல்ல உன்னை ஏத்த முடியுமான்னு தெரியல. இன்னும் ஒரு சுத்து பொறுத்துக்கோ. மனசு சரியில்லன்னா ஹைடன் கேளு."

கப்பல் இந்த வாரம் இந்தப் பக்கம் வருகிறது. அடுத்தது மூன்று வருடம் கழித்து. இரண்டு வருடம் என்று சொல்லி அனுப்பினார்கள், பூமியை விட்டு ஐந்தாகிவிட்டது. கிளம்பும்போது என் மகள் நறுமுகை தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பதிவு 315. காலை 06:10

இன்றைய சிம்பொனியோடு ஒரு கதையும் சொல்லியிருந்தார் சார். ஹைடனின் எஜமானரான இளவரசர், வாத்தியக்காரர்களைக் கோடை மாளிகையிலேயே மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டாராம். பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் ஊரில். வாய்விட்டுக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். மிஞ்சியது இரண்டு வயலின். இளவரசருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் சாருக்குக் கண் கலங்குமாம். அப்படிப்பட்டவருக்கு ஜாடை புரியாதா? பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பணிவாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது.

வாயு அளவியை அணைத்தேன்.

பதிவு 317. மதியம் 13:00

கேமராவையும் காந்தமானியையும் அணைத்தாயிற்று. பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஜெபசீலி கேட்டாள்: "அக்கா, ஒவ்வொண்ணா டேட்டா நிக்குது. என்னாச்சு?"

ஜாடையை விளக்கிச் சொன்னால் அது ஜாடையா?

அந்தச் சிம்பொனியை ஓடவிட்டு அதிர்வுமானியை அணைத்தேன். கடைசி வயலின் ஓய்ந்தபோது, என் குரலைப் பூமிக்கு அனுப்பும் ஒலிபரப்பியையும் அணைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். வரும் குரலைப் பிடிக்கும் வாங்கி மட்டும் ஓடுகிறது. சார் பேசட்டும்.

பதிவு 318. காலை 07:40

ஜெபசீலி அழுகிறாள். "அக்கா, எங்க இருக்கீங்க? ஏதாச்சும் பேசுங்க அக்கா."

பயந்துபோய் ஒலிபரப்பியைப் போட்டேன். வரவில்லை. அதை அணைத்தபோது அதன் சூடேற்றியும் சேர்ந்தே அணைந்திருக்கிறது. வெளிக் குளிரில் அதன் மின்சுற்றுப் பலகை விரிசல் விட்டுவிட்டது. மாற்று இல்லை. படித்தது பனியைப் பற்றி. எனக்கு இது தோன்றவில்லையே.

பதிவு 319. நேரம் பார்க்கவில்லை

விரிசலை ஒட்டவைக்கச் சூடு வைத்துப் பார்த்தேன். பலகை இரண்டாகிவிட்டது. கை வெந்துவிட்டது.

சார் பேசினார். குரல் உடைந்திருந்தது.

"அரசிம்மாவை இழந்துட்டோம். நிலையத்துல சூடு போய், ஒவ்வொரு கருவியா செத்து, கடைசியில குரலும் நின்னுடுச்சு. அந்த சிம்பொனி மாதிரியே எழுந்து போயிட்டா. அவளை ஏத்திக்கப் போன வாரமே கப்பலை அங்க நிறுத்தச் சொல்லிட்டேன். அந்தச் சேதிய அவ பொண்ணு வாயாலேயே சொல்ல வைக்கலாம்னு மறைச்சு வச்சிருந்தேன். இனி இறங்கி என்ன செய்ய? எரிபொருள் வீண். கப்பல் நேரா போகட்டும்."

நான் உயிரோடு இருக்கிறேன் சார். சாப்பாடு இருக்கிறது, காற்று இருக்கிறது, எல்லாம் வருடக்கணக்குக்கு இருக்கிறது. உங்களுக்குக் கேட்காது. கத்துகிறேன்.

பதிவு 320.

கப்பல் தலைக்கு மேலே. வெளிவிளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். அவர்கள் பேசிக்கொள்வது வாங்கியில் கேட்கிறது.

"கேப்டன், கீழ ஒரு லைட்டு மினுக்குது."

"பேட்டரி சாகும்போது அப்படித்தான்ப்பா மினுக்கும். பாவம். நீ வழியைப் பாரு."

இல்லை. இல்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், பேட்டரி இல்லை, நான்தான், என் கைதான், இன்னும் போட்டுப் போட்டு