பிக்கப்பின் கியரை மெதுவாக்கிவிட்டேன், அக்கா

என் செல்லச் செண்பகக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னோடு பேசாமல் நான் இருந்ததே இல்லை. சண்டை போட்டாலும் மறுநாள் மத்தியானத்துக்குள் நீயே போன் அடித்து, "ஏலே வேலு, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவாய். இப்போது மத்தியானம் வந்தால் எனக்குக் கை நிலைகொள்ள மாட்டேன் என்கிறது. ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன். பட்டறை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தாயிற்று.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் அதைத்தான் கேட்பாய். வண்டி ஓடுகிறது. ராஜபாளையத்தில் உன் தறிகளும் ஓடுகின்றன. பேண்டேஜ் துணி பண்டல்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் இப்போது ஜெபமணிதான் போகிறாள். உன்னிடம் பண்டல் கட்ட வந்து, யூனிட்டையே பார்த்துக்கொள்கிற அளவுக்கு உயர்ந்தவள். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். உன் சீட்டில் உட்காரும்போது அவளும் ஒரு தலையணை போட்டுக்கொள்கிறாள்.

நாளைக்கு உன்னைத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தாலும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வயதில் போலியோ வந்து உன் இடது கால் சூம்பிப்போனது. கம்பி வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பாய். கிளட்ச் மிதிக்க வழியில்லை. அதனால் ஐம்பது வயது வரை நீ வண்டி ஓட்டவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த டீசல் பிக்கப் ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், என்னை வேலை செய்யவிடாமல் இழுத்துக்கொண்டு போனாய்.

வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் இருக்கிற என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

"என்னலே இது? கியர் மாறுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு."

"அதுக்குத்தானக்கா ஆட்டோமேட்டிக்."

"எனக்குத் தெரியணும்லே. எல்லாரும் காலால மிதிச்சு, கையால தள்ளி கியர் மாத்துதாவ. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. மாறும்போது முதுகுலயாச்சும் ஒரு தட்டு தட்டட்டும்."

இப்படிக் கேட்ட ஒரே ஆள் நீதான். இந்த மாதிரி கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் அழுத்தம்தான் கியரை இணைக்கிற பிளேட்டுகளைப் பிடிக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் பிளேட்டுகள் பட்டென்று பிடிக்கும், வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். குறைத்தால் வழுக்கிக்கொண்டு மெதுவாகப் பிடிக்கும், உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம். அதிகமாகக் குறைத்துவிட்டால் பாரம் ஏற்றும்போது பிளேட் நழுவி, சூடாகி, கருகிவிடும். லேப்டாப்பை மாட்டி எல்லா இடத்திலும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டேன். அன்றைக்கு வத்திராயிருப்பு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கியருக்கும் உன் தலை முன்னும் பின்னும் ஆடியது. நீ சிரித்த சிரிப்பில் ரோட்டோரம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதாம்லே வண்டி!" என்றாய்.

அதோடு அந்தக் கதை முடிந்திருந்தால் நான் ஏன் இப்படி நடந்துகொண்டிருக்கப் போகிறேன்?

போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் வந்தாய். நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். உன் கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. கம்பி ஷூ ஒன்று, செருப்பு ஒன்று.

"வேலு, கியர் விழறது செத்த ஜாஸ்தியா இருக்குலே. கொறைச்சு வையேன்."

"நீதானக்கா கேட்ட. இப்ப என்ன, வயசாயிட்டா?"

"ஆமாலே. வயசாயிட்டு."

"அடுத்த தடவ வரையில பாப்போம். கையெல்லாம் ஆயிலு."

நீ உடனே போகவில்லை. அந்த இரண்டு கால்களும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு ஏதோ சொன்னாய். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "சரிக்கா, சரிக்கா" என்றேன். கதவு சாத்துகிற சத்தம். வண்டி போய்விட்டது. வேனுக்கு அடியிலிருந்து நான் வெளியே வரவே இல்லை, அக்கா. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன்.

மார்கழியில் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புற்று முதுகெலும்புக்கு வந்து மாதக்கணக்காகிறது என்றார். தையில் நீ இல்லை.

வண்டி ஷெட்டில் கிடந்தது. வைகாசி கடைசியில் ஜெபமணி அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி, இது ஆகாது. தளவாய்புரம் போயிட்டு வாரதுக்குள்ள இடுப்பு கழண்டுருது. கியர மெதுவாக்கிக் குடுங்க."

"அக்கா வச்ச மாதிரியே இருக்கட்டுமே, ஜெபமணி."

"அக்கா வண்டிதான். இல்லங்கல. ஆனா இப்ப ஓட்டுறது நானு."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் கோபம் வந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உன் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயர் மாட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஆடியில் நீ சர்வீசுக்கு வந்தபோது, ஆயில் சூட்டைக் கவனிப்பதற்காக நான் மாட்டிய தீப்பெட்டி அளவு ரெக்கார்டர் அங்கேயே இருந்தது. கழற்ற மறந்துவிட்டேன். ஆடியிலிருந்து நீ போன ஒவ்வொரு பயணமும் அதில் பதிவாகியிருந்தது. வேகம், சூடு, ஆக்சிலரேட்டரை நீ எவ்வளவு மிதித்தாய் என்பது, எல்லாம்.

ஆடியிலும் ஆவணியிலும் உன் வலது கால் ஒரே சீராக மிதித்திருக்கிறது. புரட்டாசி பாதியிலிருந்து கோடு மாறுகிறது. கியர் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால், ஒவ்வொரு தடவையும், நீ காலை எடுத்திருக்கிறாய். காலை எடுத்தால் எஞ்சினின் இழுவை குறையும், உலுக்கலும் கொஞ்சம் குறையும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், சிக்னலில், வேகத்தடையில், எல்லா இடத்திலும். கார்த்திகை வரை அப்படித்தான். நான் லேப்டாப்பில் அரை நாளில் செய்து தந்திருக்க வேண்டியதை, நீ வலியோடு உன் ஒற்றைக் காலால் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

திரையை மூடிவிட்டு வெளியே வந்தேன். ஜெபமணியிடம் கேட்டேன்: "அக்காவுக்கு முதுகு வலின்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கீழே பார்த்தாள். "தெரியும் அண்ணாச்சி. ஸ்கேன் எடுக்க நாந்தான் கூடப் போனேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

"எங்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டதான் முக்கியமா. 'தம்பிக்குத் தெரிஞ்சா சாவியப் பிடுங்கிருவான்'னாவ."

நீ நினைத்தது சரிதான், அக்கா. பிடுங்கித்தான் இருப்பேன். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே பிடுங்கியிருப்பேன். ஆனால் கேட்காமலே நீ அப்படி முடிவு செய்துவிட்டாயே?

அன்றைக்கே கியரை மெதுவாக்கினேன். மெதுவாக்கினேன் என்றால், ஆத்திரத்தில் எல்லா இடத்திலும் அழுத்தத்தைக் குறைத்துத் தள்ளினேன். உனக்குச் செய்யாததையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் செய்வதுபோல. ஜெபமணி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தோம். கியர் மாறுவதே தெரியவில்லை. "சரியா இருக்கு, கொண்டு போ" என்றேன்.

இரண்டாம் நாள் முழுப் பாரத்தோடு ராஜபாளையத்து ரயில்வே மேம்பாலத்தில் அவள் ஏறியிருக்கிறாள். பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் டவுன் பஸ். கருகுகிற வாடை. வண்டி இரண்டு அடி பின்னால் உருண்டதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி ஓடி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கிறாள். பஸ் நின்றபோது அதற்கும் நம் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்ததாம். அந்த இடத்தில் நின்றது ஜெபமணி.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்த்து, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"அன்னைக்கு ஓட்டிப் பாத்தப்பவே எஞ்சின் கத்துச்சு அண்ணாச்சி. கியர் மாறையில ஒரு மாதிரி இரைஞ்சுச்சு. 'ஏன் இப்பிடிக் கத்துது'ன்னு ஒங்ககிட்டக் கேட்டேன். தலைய ஆட்டுனீங்க."

"கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன். ஒங்களுக்குக் கேக்கலையா?"

"ஏதோ யோசனையில இருந்தேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் வலது பக்கமாக வந்து, மெல்ல ஏதோ சொன்னாள். உதடு அசைவதுதான் தெரிந்தது. இடது பக்கம் வந்து மறுபடியும் சொன்னாள். "காது கேக்கலைல்லா ஒங்களுக்கு?"

ஆமாம், அக்கா. என் வலது காது போன வருஷமே மந்தமாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன் நான். காது போய்விட்டது என்று தெரிந்தால் எவன் வண்டியை விடுவான்? கட்டின பெண்டாட்டி லட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினால் திட்டுகிறாள், சிரித்து மழுப்பிவிடுகிறேன். நீ முதுகை மறைத்த அதே மாதங்களில் நான் காதை மறைத்துக்கொண்டிருந்தேன். வேன் அடியில் படுத்திருந்த அன்றைக்கு நீ கடைசியாகச் சொன்னதும் அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாய்? "போயிட்டு வாரேன்" என்று மட்டும்தானா? இல்லை, ஜெபமணியிடம் வாங்கிய சத்தியத்தை நீயே உடைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா? நான் "சரிக்கா" என்று எதற்குச் சொன்னேன்? ஐந்து மாதமாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜெபமணியிடம், "லட்சுமிகிட்ட சொல்லிராத" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஒங்க குடும்பத்துக்கே இதான் வேலையா? அக்காவுக்கு ஒரு சத்தியம் பண்ணிட்டு நான் பட்டது போதும். அவிய வலியில ஸ்டீயரிங்கப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தத நான் மட்டும் பாத்தேன், யார்கிட்டயும் வாயத் தெறக்க முடியல. இன்னொரு சத்தியம் என்னால ஏலாது அண்ணாச்சி. நீங்களே மதினிகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நீ போன அன்றைக்குக்கூட வராத அழுகை.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆயில் கறுத்திருந்தது. நல்லவேளை, பிளேட்டுகள் தப்பிவிட்டன. ஆயிலை மாற்றிவிட்டு, இந்தத் தடவை நிதானமாக உட்கார்ந்தேன். மென்மையாகவும் வேண்டும், பாரத்தையும் இழுக்க வேண்டும் என்றால் அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது அழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம்; அழுத்தி மிதிக்கும்போது கூட்டி வைக்கலாம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். உனக்காகவும் செய்திருக்கலாம்.

மூன்று நாள் பிடித்தது. ஜெபமணி ஓட்டினாள், நான் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். என் காதை நம்பவில்லை. "கத்துது" என்றால் கூட்டினேன். "இப்ப இல்ல" என்றால் அடுத்த கியருக்குப் போனேன். வெறும் வண்டியில் ஒருநாள், பாதிப் பாரத்தில் ஒருநாள், கடைசி நாள் முழுப் பாரத்தோடு. அதே மேம்பாலத்தில் ஏறும்போது நான் திரையில் ஆயில் சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியைத் தாண்டி இறங்கும்போது, "தெய்வமே" என்று மட்டும் சொன்னாள். இறங்கினதும் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தோம்.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் லட்சுமியிடம் சொல்லிவிட்டேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "எந்தக் காது?" என்று கேட்டாள். வலது என்றதும், எழுந்து என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். திட்டுவாள், பட்டறையை மூடச் சொல்வாள் என்றெல்லாம் பயந்து வைத்திருந்தேன். "திங்கக்கிழமை மதுரைக்குப் போவோம், நானும் வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. காதில் மெஷின் மாட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். பட்டறைக்கு வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். இனிமேல் யாராவது வாசலில் நின்று எதையாவது கேட்டால், கையில் எவ்வளவு ஆயில் இருந்தாலும், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

இனி யாருடைய சாவியையும் பிடுங்க நினைக்காத உன் தம்பி,
வேலு