காலியாகக் கிடந்த முதல் பள்ளம்

விரலில் செம்பு வாடை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. முப்பது வருடமாகக் கையுறை மாட்டாமல் ஒரு பழங்காசைக்கூடத் தொடாதவன் நான். இன்றைக்குக் கட்டைவிரலை முகர்ந்தால் உன் தோல்பை ஞாபகம் வருகிறது. கனகசெட்டிக்குளம் பஸ்ஸில் நீ தோளில் மாட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் பை. பார்க்காமலே உள்ளே கையை விட்டுச் சரியான சில்லறையை எடுப்பாயே, அந்தப் பைக்கும் இதே வாடைதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். இன்றைக்குக் காலையிலிருந்து பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாம் இருவரும் ஒரே நாணயச் சங்கத்தில் இருந்தோம் என்பதைத் தவிர நமக்குள் எதுவும் ஒத்துப்போனதில்லை. எனக்குப் பழையவைதான் காசு. ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பணம். அந்தச் செதுக்கலில் தாடி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். இப்போது அடிக்கிற எவர்சில்வர் வட்டங்களைப் பார்த்தால் சட்டைப் பொத்தான் என்பேன். நீ அந்தப் பொத்தான்களைத்தான் சேர்த்தாய். கட்டைவிரல் காட்டும் ஒரு ரூபாய், இரண்டு விரல் காட்டும் இரண்டு ரூபாய், பன்னிரண்டு மூலை இருபது ரூபாய். காசின் மதிப்புக்கு மேல் ஒரு பைசா கூடுதலாகச் செலவழித்ததில்லை. நான் பென்ஷனைக் கொட்டி வாங்கியதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மூஞ்சி நல்லாதான் இருக்குது முசியே, கைக்கு எப்படி இருக்குது?” என்பாய். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நாலு வார்த்தை. அதற்காக, பிரெஞ்சில் ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி, ஊரெல்லாம் என்னை முசியே ஆக்கினாய்.

அந்தத் துட்டை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? பிரெஞ்சுக்காரன் காலத்துத் தடித்த செப்புக் காசு, அதன் பெயரே துட்டுதான். ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி முடித்து, உறைக்குள் போடப் போனேன். அதற்குள் நீ பிடுங்கிக்கொண்டாய். எங்கோ பார்த்தபடி கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாய்.

“பூவுல இடது பக்கத்து இதழ்ல ஒரு கீறல் இருக்குது, முசியே.”

“அதெல்லாம் ஒண்ணும் கெடயாது. மொதல்ல கைய எட்றா, பாவி!”

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீறல் தெரியவில்லை. என் சந்தோஷத்தைக் கெடுக்கச் சொன்னாய் என்றே முடிவு கட்டினேன்.

பிறகு நீ அந்தப் பலகையைச் செய்தாய். பலாப் பலகையில் வரிசையாகப் பள்ளம் தோண்டி, மேல் வரிசையில் பழைய சில்லறை, கீழ் வரிசையில் புதியது. உழவர்கரை மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து நின்றாய்.

“மொத பள்ளத்துக்கு உன் துட்டக் குடு. ஒரே ஒரு நாளு. ஊர்க்காச ஊர்க்காரன் தொட வேணாமா?”

“தொட்டாத் தேஞ்சிடும். நான் குடுக்கமாட்டேன்.”

“நீ பூட்டி வச்சா மட்டும் குட்டியா போடப்போவுது?”

கொடுக்கவில்லை. நீயும் அந்தப் பள்ளத்தைக் காலியாகவே விட்டு, எனக்கு நேர் எதிர் மேசையில் பலகையை வைத்தாய். வந்தவர்களைக் கண்ணை மூடச் சொல்லித் தடவவைத்தாய். நெளிந்த விளிம்பா, பத்துப் பைசா. நாலு மூலையா, அஞ்சு பைசா. ஆறு மூலையா, இருபது. மேல் வரிசையில் யாரும் தப்பவில்லை. கீழ் வரிசைக்கு வந்ததும் ஆளாளுக்குத் திணறினார்கள். பழைய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும் ஒரே அளவு என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே சிரிப்பு, கூட்டம், வரிசை. என் கண்ணாடிப் பெட்டிக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

 அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, காசைக் கண்டவன் தொட விடுவது சேகரிப்பவன் செய்கிற வேலையா என்று கேட்டேன். எல்லாம் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நீ சண்டைக்கு வருவாய் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். “கண்ணாடி போட்டா அது வெறும் சில்லற, முசியே” என்று மட்டும் சொன்னாய். அடுத்த கண்காட்சிக்கு நீ வரவில்லை. அதற்கடுத்த கண்காட்சிக்கு நீயே இல்லை.

போன மாதம் உன் வீட்டுக்காரம்மா அந்தப் பலகையை லுங்கியில் சுற்றி எடுத்து வந்தது. “வீட்ல எடமில்லண்ணே. எடைக்குப் போட மனசு வரல.” பிரித்துப் பார்த்துவிட்டு, “இந்த மொத பள்ளம் இன்னாத்துக்குண்ணே காலியா இருக்குது?” என்று கேட்டது. தெரியவில்லையே என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய் என்னைத் தூங்கவிடவில்லை. சங்கச் செயலாளரிடம் போய் விதியைத் தளர்த்தச் சொன்னேன். “நீங்க கொண்டாந்த ரூலுதானே சார்?” என்று சிரித்தார். சிரிக்கட்டும், சம்மதித்துவிட்டார். இன்று காலை கண்காட்சிக்கு என் கண்ணாடிப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு உன் பலகையைக் கொண்டுபோனேன். முதல் பள்ளத்தில் என் துட்டை வைத்தேன்.

மறுபடியும் அதே கூட்டம். “பிரமாதம் சார், நீங்க செஞ்சதா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். என்னைத் திட்டாதே. அந்த ஒரு வார்த்தை வெல்லமாக இனித்தது.

அரை மணி நேரம் இனித்தது. அப்புறம் வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்தார். மேல் வரிசையை மடமடவென்று சொல்லிவிட்டு, கீழ் வரிசையில் இரண்டு தப்பு விட்டுச் சிரித்தார். “நீதான செஞ்ச? இப்ப நீ கண்ண மூடு” என்று என் கையைப் பிடித்தார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒரு ரூபாயை இரண்டு என்றேன், இரண்டை ஒன்று என்றேன். கைதட்டிச் சிரித்தார்கள். அந்த அம்மா என் கட்டைவிரலை இன்னொரு காசின்மேல் வைத்தார். கனமாக, மழமழவென்று இருந்தது. எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. விரலை மெல்ல நகர்த்தினேன். ஒரு பூ. அதன் இடது பக்கத்து இதழில், விரலுக்கு மட்டுமே தட்டுப்படுகிற மெல்லிய ஒரு கீறல்.

கண்ணைத் திறந்தேன். “நான் செய்யலம்மா. என் சிநேகிதன் செஞ்சது. பஸ் கண்டக்டரா இருந்தான்” என்றேன். அதற்கப்புறம் நாள் முழுக்க எல்லோரும் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். உன் வீட்டுக்காரம்மாவிடமும் போய் அந்தப் பள்ளத்தின் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

துட்டை உறையில் போடவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது. எழுதும்போதே இடது கை அந்தக் கீறலைத் தேடிப் போகிறது. இத்தனை வருடம் என் பெட்டியில் இருந்த காசு, ஆனால் நீ ஒரே தடவில் தெரிந்துகொண்டுவிட்டாய். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை, பாவி.