ஈரச் செருப்பைப் பற்றிக் கேட்டாய்

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தம்பி மிதுஷனுக்கு,

அக்கா சுபோதினி எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். சுகம் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை, சுகமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய். ஆகவே இருக்கிறேன் என்பதோடு நிறுத்துகிறேன். நீ அந்த மெல்பேர்ன் குளிருக்கு ஒழுங்காக உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் நீ எடுத்த எடுப்பிலேயே ஒரு பகிடி விடுவாய், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. உன்னோடு படித்த சஜீத் புதன்கிழமை அங்கே திரும்புகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும். வடையைத் தின்று முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசி.

உன்னுடைய 'ஈரச் செருப்பு' பாட்டுத் தொகுப்பைப் பற்றி இங்கே ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். மாமா ஏசியபடியால் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். முகம் தெரியாதவர்கள் எழுதிய பாராட்டுகளையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். ஒருவர் வேலைக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுச் சொல், நானும் அங்கே விண்ணப்பிக்கிறேன்.

முதலில் மாசியத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமா உனக்கு போனில் சொன்னது பாதிதான்.

மாதா மாதம் அம்மாவின் திதியில் செய்யும் மாசியத்தை நீ இல்லாதபடியால் மாமாவின் மகன் அபிஷன்தான் செய்கிறான். கொள்ளி வைத்தவனும் அவன்தானே. முதல் வருஷ ஆட்டைத் திவசம் முடியும்வரை இந்த வீட்டில் பாட்டும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. தேவாரம் மட்டும் போடலாம். அன்றும் என் போனில் தேவாரத்தைப் போட்டு, நீ அனுப்பிய அந்தச் சின்ன ஸ்பீக்கரை அம்மாவின் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். அலுமாரிக்கு முன்னால் அம்மாவின் படம், அதற்கு முன்னால் படையல். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் குசினியில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தேன். தேவாரம் முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. திடீரென்று கைதட்டல் கேட்டது. பிறகு கிற்றார். அதற்குப் பிறகு நீ.

எனக்கு ஒரு கணம் நீ வந்துவிட்டாய் என்றுதான் பட்டது. ஓடி வந்து பார்த்தால் எல்லாரும் அம்மாவின் படத்தைப் பார்த்தபடி உறைந்துபோய் இருக்கிறார்கள். மாமா "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்துகிறார். என் கை ஈரம், போன் என் விரலை ஏற்க மாட்டேன் என்கிறது. சேலையில் துடைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. ஸ்பீக்கரை எடுக்க வேண்டுமென்றால் படையலைக் கடக்க வேண்டும், அதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. அபிஷன் கையில் தர்ப்பையோடு இருக்கிறான், எழும்ப முடியாது. கடைசியில் உன்னுடைய முதலாவது பாட்டு முழுவதும், அந்த "வா வா வெயிலே" என்ற வரியை மூன்று தரம் திருப்பிப் பாடுவது உட்பட, அம்மாவின் மாசியத்தில் அரங்கேறி முடிந்தது.

பிறகு அபிஷன்தான் காரணம் சொன்னான். போட்ட பட்டியல் முடிந்தால் அந்த ஆள் அடிக்கடி கேட்பதை போன் தானாகப் போடுமாம். அதைச் சபையிலே சொன்னான் அந்தப் புத்திசாலி. நான் காலையும் மாலையும் நூறாம் நம்பர் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு எதைக் கேட்கிறேன் என்பது மாமாவுக்கும் ஐயருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. மாமா சாப்பிடும்வரை என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்ட பிறகு, "பெத்த தாய்க்கு ஆட்டை முடியேல்லை, அவன் கை தட்டிப் பாடுறான், நீ இருந்து கேக்கிறாய், நல்ல பிள்ளையள்" என்றார். அன்று இரவே உனக்கும் ஏசியிருக்கிறார். இருந்தது அவருக்கு ஒரேயொரு தங்கச்சி, அதையும் நினைத்துக்கொள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப லிப்ட்டுக்குக் காத்து நிற்கும்போது, அங்கே இந்தப் பாட்டுக்குக் காசு குடுப்பினமோ என்று என்னை மெதுவாகக் கேட்டார். தெரியாது மாமா என்றேன். "இவன்ரை பாட்டிலை சொல்லு விளங்குது. இப்பத்தைப் பெடியள் பாடுறது ஒண்டும் விளங்கிறேல்லை" என்றார். அதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

பத்மாவதி மாமி அன்று குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். அம்மா உயிரோடு இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பது அவதான் என்றார். இப்போது தன் போனில் அதைப் போட்டுவைத்து, மாமா வெளியே போன பிறகு தேங்காய் துருவும்போது கேட்கிறாராம். பாட்டெல்லாம் கெதியாய் முடிந்துவிடுகிறது, அரைத் தேங்காய்க்குக்கூடக் காணாது என்பது மாமியின் குறை. மற்றபடி, "பெடியன் நல்லாச் சாப்பிடுறான் போலை, குரல் தெளிவாய் இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

ஐயர் மாமாவுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அரிசியையும் காய்கறியையும் பையில் போடும்போது, தம்பி மோகன ராகம் படித்தவரா என்று என்னிடம் கேட்டார். இல்லை ஐயா, அவன் பிலியந்தலையில் கணக்கியல் படித்தவன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கீழ் வீட்டு ஷஹீமாவை உனக்கு வீடியோவில் காட்டியிருக்கிறேன். அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கஞ்சி காய்ச்சித் தந்தவள். அம்மா போன நாளிலிருந்து அவள் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் சத்தம் போட விடவில்லை, டீவியைக்கூடக் குறைத்துத்தான் வைப்பாள். நான் கேட்டதில்லை, அவளாகச் செய்தாள். மாசியத்தன்று பின்னேரம் அந்தப் பிள்ளைகள் இரண்டும் மேலே வந்து, "ஆன்ட்டி, உங்கட வீட்டுல பாட்டுப் போட்டதானே, இனி நாங்களும் சத்தம் போடலாமா?" என்று கேட்டார்கள். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போடுங்கோ என்று சொன்னேன். இப்போது அந்த வீட்டில் நாள் முழுதும் ஈரச் செருப்புத்தான். பிள்ளைகளுக்கு எல்லாப் பாட்டும் பாடம் என்கிறாள் ஷஹீமா. வாசலில் நிற்கும் செக்குரிட்டி அய்யாவுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அவரும் அதை விசிலடிக்கிறார்.

கிளைவ் உன்மேல் இன்னும் அதே அன்போடு இருக்கிறான். கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டு மேல்மாடியில் நீங்கள் இரண்டு பேரும் அடித்த கூத்துக்கு அயலவர்கள் கல்லெறிந்ததை இன்னும் பெருமையாகச் சொல்கிறான். கிற்றார் அருமையாம், மெட்டெல்லாம் ஒரு தரம் கேட்டால் மனதில் நிற்கிறதாம். ஒரே ஒரு குறை சொன்னான். எல்லாப் பாட்டும் ஒரே ஓட்டமாக ஓடுகிறது, எங்கேயாவது ஒரு இடத்தில் நின்று மூச்சு விட்டிருக்கலாம் என்றான். கடைசிப் பாட்டில் மட்டும் பல்லவிக்குத் திரும்புவதற்கு முதல் நீ பிந்திவிடுகிறாயாம், மூச்சை இழுக்கும் சத்தம் அப்படியே கேட்கிறதாம். அதை ஏன் வெட்டாமல் விட்டாய் என்று அவனுக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

உன்னுடைய பாட்டு நன்றாக இருக்கிறது, தம்பி. சும்மா சொல்லவில்லை. பம்பலப்பிட்டிக்குப் போகிற பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு, கிளினிக்கில் பல்லுக் கொதியோடு வந்து என்மேல் பாய்கிற சனத்தை நினைத்துக்கொண்டு போகும்போது, அந்தக் கைதட்டல் தொடங்கினால் எனக்கும் கால் ஆடுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அந்தப் பாட்டு எனக்கு ஆகவில்லை. கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது. ஏன் என்று எனக்கே கனநாள் தெரியவில்லை.

அம்மா கிடையில் இருந்தபோது நீ தினமும் எடுப்பாய். ஸ்பீக்கரில் போடுவேன். நீ பகிடி விடுவாய், அம்மா சிரிப்பா, நானும் சிரிப்பேன். நீ வைத்த பிறகு நான் துணி மாற்றுவேன், புண்ணுக்கு மருந்து போடுவேன், அம்மா நோவில் அழுவா. அடுத்த நாளும் நீ எடுப்பாய். டொக்டர் சொன்னதெல்லாம் உனக்கும் தெரியும். விசா இழுபறியில் உன்னால் வர முடியாது என்று எனக்கும் தெரியும். அதற்காக நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளாவது நீ போனில் அழுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்து, அம்மா போயிட்டா என்று உனக்குச் சொன்னேனே, அப்போது போனில் ஒரு மூச்சு இழுபட்டது. கிளைவ் சொன்ன அதே மூச்சுத்தான். பிறகு நீ, "கடைசியா எனக்கு ஏசினவவோ, அக்கா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன், மிதுஷன். அம்மாவை உள்ளே விட்டுவிட்டு, அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் இல்லை. எவ்வளவு தைரியமான பிள்ளை என்று ஊரெல்லாம் புகழ்ந்தது. அந்தச் சிரிப்புக்காக எனக்கு இன்னும் உன்னில் கோபம். எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

உன்னுடைய பாட்டு முழுவதும் அந்த போன் கோல்தான் எனக்கு. கேட்டவர்கள் எல்லாரும் சந்தோஷமான பாட்டு என்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. எனக்கு அதில் நீ பயந்து பயந்து ஓடுவதுதான் கேட்கிறது. நின்றால் பிடித்துவிடும் என்று ஓடுகிறாய். அந்த ஒரு மூச்சில் மட்டும் பிடிபட்டுவிட்டாய். அதை நீ வெட்டாமல் விட்டதற்கு நன்றி.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இது. பாட்டை எடுக்காதே. மாமாவோடு நான் கதைக்கிறேன். ஆட்டை முடியும்வரை மேடையில் பாட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அது மாமாவுக்காக. மற்றபடி அது அங்கேயே கிடக்கட்டும். கீழ் வீட்டுப் பிள்ளைகள் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு, கிளைவ் ஒழுங்கு செய்கிற நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை லீவில் வருகிறேன் என்றும், ஹோட்டலில் நிற்கிறேன், உனக்குக் கரைச்சல் தர மாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது உன் கையில் விசா இருக்கிறது. இந்த வீட்டுக்குள் வரத்தான் நீ பயப்படுகிறாய். நானும் பயப்படுகிறேன். அம்மாவின் அலுமாரியை இன்னும் திறக்கவில்லை. மாமி வந்து உதவி செய்கிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சேலைகளைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும், கட்டிலை ஒருவருக்குக் கொடுக்க வேண்டும், வீட்டு ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். வேலையால் வந்து கதிரையில் இருந்தால் செருப்பைக் கழற்றவும் கை எழும்புவதில்லை, அவ்வளவு அலுப்பு. எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை, பயப்படாதே, அலுத்துப்போனேன், அவ்வளவுதான்.

ஆட்டைக்கு முன்னமே வா. திவசத்தை நீ செய், அபிஷன் உனக்கு விட்டுத்தருவான். கிற்றாரையும் கொண்டு வா, ஷஹீமாவின் பிள்ளைகள் விட மாட்டார்கள். ஹோட்டல் வேண்டாம், உன்னுடைய அறை உன்னுடையதாகவே இருக்கிறது. நீ வந்தால் நான் ஒரு நாள் முழுதும் படுத்துக் கிடப்பேன், தேத்தண்ணியை நீதான் போட வேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடும், நல்ல பெயரோடும், எப்போதும் பாடிக்கொண்டும் இருக்க அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். வந்து வாசலில் நிற்கும்போது, நான் கதவைத் திறந்ததும் சொல்வதற்கென்று பிளேனிலேயே ஒரு பகிடி யோசித்து வைத்திருப்பாய். அதைச் சொல்லாதே, தம்பி. ஒன்றும் சொல்லாமல் உள்ளே வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா
சுபோதினி