கோல்பியின் இடம்

ஆகஸ்ட் 12

இன்று எங்கள் காலேஜ் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குத் தலைப் பரிசோதனை. கம்ப்யூட்டரில் வார்த்தைகளைக் காட்டி மறைத்து, எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள். சீசன் நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி இதே பரிசோதனை. இன்றைய மார்க்கோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் எல்லோரும் வேண்டுமென்றே சொதப்புகிறோம். இன்றைக்கே மண்டூகமாக இருந்துவிட்டால் அப்புறம் எவன் கண்டுபிடிப்பான்? என் அறைத்தோழன் கோல்பி பாதி வார்த்தைகளை விட்டுவிட்டு வந்து சிரிக்கிறான். நானும் சொதப்பினேன். பெஞ்சில் உட்காருகிறவன் தலையை யார் முட்டப்போகிறார்கள்?

ஆகஸ்ட் 30

முதல் ஆட்டம், தோல்வி. கோல்பிதான் சென்டர். குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே பாய்கிறவனை முட்டி நிறுத்த வேண்டும். அவனுக்கு மாற்று ஆள் நான். மூன்று வருஷமாக மாற்று ஆள். இதுதான் கடைசி வருஷம்.

நெப்ராஸ்காவின் அந்தக் கோடியிலிருந்து அப்பா டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்து நிற்பதைப் பார்க்க. "அடுத்த வாரம் எறக்குவாங்கடா" என்றார். ஒவ்வொரு வாரமும் இதேதான் சொல்கிறார்.

செப்டம்பர் 20

மறுபடியும் தோல்வி. மழை வேறு.

செப்டம்பர் 29

சனிக்கிழமை முட்டியதில் கோல்பி எழுந்திருக்க நேரமானது. அடிபட்டவர்களைக் கவனிக்கும் டெனிஸ் இன்று அவனைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். ஆகஸ்ட் மார்க்கேதான். ஆடலாம் என்று விட்டுவிட்டாள்.

ராத்திரி என்னிடம் சொன்னான், இன்றைக்கு உயிரைக் கொடுத்து எழுதினானாம். அன்று வேண்டுமென்று எடுத்த மார்க்கை இன்று உண்மையாகவே எடுத்திருக்கிறான்.

அக்டோபர் 5

கோல்பி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாள் முழுக்கப் படுக்கை. இரண்டு தடவை வாந்தி. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டான், சொன்னேன், திரும்பக் கேட்டான். டெனிஸிடம் போகலாம் என்றேன்.

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். இன்னும் கொஞ்ச ஆட்டந்தான்டா. அப்புறம் ஆயுசுக்கும் என்னைய யாரு ஆட விடப்போறா?"

அக்டோபர் 14

உடை மாற்றும் அறையில் எங்கள் அணியின் பூன் என்னைப் பார்த்து, "கோல்பி விழுந்தாத்தான் உனக்கு விடியும், இல்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோல்பியும்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அக்டோபர் 16

டெனிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ அவனோட ரூம்ல இருக்கே. நெசமாச் சொல்லு, நல்லா இருக்கானா?"

நல்லா இருக்கான் என்றேன்.

ஏன்டா அப்படிச் சொன்னே? சொன்னால் அவன் உட்காருவான், நான் இறங்குவேன். இடத்துக்காகப் போட்டுக்கொடுத்தான் என்று ஊரே பேசும். பூன் பேசுவான். கோல்பியே நினைப்பான். சரி, அந்த இடம் உனக்கு வேணாமா? வேணும். அவ்வளவு வேணும். அதனாலதான் உண்மையச் சொல்ல வாயே வரல.

அக்டோபர் 18

சாதாரண முட்டல். பெரிய சத்தம்கூட இல்லை. விழுந்த கோல்பி எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிகளும் மரியாதைக்கு ஒற்றை முழங்காலில் நின்றன. ஆம்புலன்ஸ் புல்லுக்குள்ளேயே வந்தது.

அது கிளம்பியதும் கோச் ராட்கே என் தோளைப் பிடித்து ஹெல்மெட்டை மாட்டச் சொன்னார். மாட்டினேன். கூட்டமே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது, அப்பா மட்டும் எழுந்து நிற்கிறார். கை தட்டவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

ஜெயித்தோம். இந்த சீசனில் முதல் தடவை. நன்றாக ஆடினேன் — ஐயோ, அவ்வளவு நன்றாக ஆடினேன். நன்றாக ஆடியவனுக்குப் பரிசாகத் தரும் ஆட்டப் பந்தை எனக்கே கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்டோபர் 19

மண்டைக்குள் ரத்தக் கசிவு. மண்டை ஓட்டைத் திறந்து ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அவன் அம்மா லொரீன் போன் செய்தாள். நீ கூடவே இருந்தது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமாப்பா என்று அழுதாள்.

நவம்பர் 4

டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சந்தேகம் இருந்துச்சு. அதான் உன்னைக் கேட்டேன்" என்றாள். "'நல்லா இருக்கான்'னு நீ சொல்லிட்டா நிம்மதின்னு நெனச்சேன்." பிறகு, பயிற்சிக்காக என் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிவிட்டாள்.

நவம்பர் 16

நேற்றோடு சீசன் முடிந்தது. கடைசி ஆட்டமும் தோல்வி. ஆரம்பத்திலிருந்து நான்தான் ஆடினேன். அப்பா போட்டோவாக எடுத்துத் தள்ளினார்.

இன்று ஓமஹா ஆஸ்பத்திரியில் கோல்பியைப் பார்க்கப் போனேன். கம்பியைப் பிடித்து நடக்கிறான். என்னை அடையாளம் தெரிந்தது.

"என் எடத்துல யாருடா ஆடுறா?"

"நான்தான்."

முகம் அப்படி மலர்ந்தது. "நீயா! வேற எவனோன்னு பயந்துட்டேன். எவ்வளவு நாளா காத்துக் கெடந்தே."

லொரீன் எழுந்து வெளியே போனாள். சொல்லிவிட்டேன் — உனக்கு முடியலேன்னு எனக்குத் தெரியும்டா, டெனிஸ் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். கவனமாகக் கேட்டான். என் கையைத் தட்டிக்கொடுத்தான். சூப் வந்தது. இரண்டு கரண்டி குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆமா, என் எடத்துல யாருடா ஆடுறா?"

நான்தான் என்றேன். மறுபடியும் அதே சந்தோஷம்.