மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

டிசம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் எங்களிடம் சொல்லவா போகிறாய்? போனில் பிடித்தால், "அக்கா, ஒரு லிப்ட் நின்னுபோச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். ஊரிலுள்ள அத்தனை லிப்டும் நான் கூப்பிடும் நேரம் பார்த்தா நிற்கும்? கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு வருகிறாயா, இல்லையா? போன வருஷம் உனக்குப் பதிலாக ஒரு பெரிய சாக்லேட் பெட்டி வந்தது. "பெட்டி வந்திருக்கு, பையன் எங்கப்பா?" என்று அம்மா தபால்காரரையே கேட்டாள். அவர் என்னைப் பார்த்து விழித்தார்.

அம்மா கேக்குக்காகத் திராட்சையையும் பேரீச்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டுவிட்டாள். அந்த ஜாடியை நான் ஒரு அங்குலம் நகர்த்தினாலும் சண்டை. சலவைக்கடையில் நான் நாள் முழுக்க ஓட்டல் போர்வைகளைத் தேய்த்து மடித்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "இஞ்சி பிஸ்கட்டுக்குப் பழுப்புச் சர்க்கரை இல்ல, ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்கிறாள். கடைக்காரர் கதவை இறக்கும்போது குனிந்து உள்ளே புகுந்து வாங்கி வந்தேன். "இது பொடி சர்க்கரைடீ. இத்தனை வயசாகி உனக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள்.

சின்ன வயதில் கேக் மேலிருந்த செர்ரிகளை எல்லாம் தோண்டித் தின்றுவிட்டு, குழிகளில் சிவப்புப் பொத்தான்களை வைத்து மூடினாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கதையை அம்மா தினமும் சொல்கிறாள். சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் மனைவியையும் அழைத்து வா. அவளுக்கென்று பாதாம் பிஸ்கட் தனியாகச் சுடப்போகிறாளாம்.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா

டிசம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷமும் விடுமுறையில் எனக்குத்தான் அவசர வேலை போட்டிருக்கிறார்கள். பண்டிகைக் கூட்டத்தில் லிப்டுகள் அதிகம் பழுதாகும். அவளுக்கும் வேலை இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். ஒரு பார்சல் அனுப்புகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
தம்பி

டிசம்பர் 11

தம்பிக்கு,

இது கடிதமா, மின்வாரியத்து அறிவிப்பா? "பக்குவமாகச் சொல்" என்று எனக்குக் கட்டளை வேறு. எல்லாப் பக்குவமும் நான்தான் செய்ய வேண்டும். நீ பார்சல் கட்டுவாய்.

இவர்தான், உன் மாமா, உரக்கப் படித்தார். அம்மா வெண்ணெயைக் குழைத்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "வேலைன்னா என்ன செய்யறது, வர வேண்டாம்" என்றாள். அம்மா இப்படி நல்ல பிள்ளையாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

பார்சல் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா

டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கத்தியது நியாயம்தான். "அம்மா பத்திரமா இங்க இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவள் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், வேறென்ன பேச முடியும்? இப்போது குளிக்கப் போயிருக்கிறாள்.

நேற்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். காவலாளி ஓடி வந்தார். "சார், நம்ம லிப்டே நின்னுபோச்சு. மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல. உள்ள மூணு பேர்." எங்கள் கட்டிடத்து லிப்டைப் பார்ப்பது வேறு கம்பெனி. சாயங்காலம் வருகிறோம் என்றார்களாம். நானே மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினேன். அங்கே ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை இறக்கலாம். லிப்டுக்குள் பேசுவது அங்கே ஒரு ஸ்பீக்கரில் கேட்கும். பொத்தானை அழுத்தினால் நாமும் பேசலாம்.

"யாரும் பயப்படாதீங்க. மெதுவா இறக்கிடறேன்" என்றேன்.

"நான் ஒண்ணும் பயப்படலடா. நீ சாப்பிட்டியா?"

அம்மாவின் குரல். எத்தனை பேரை லிப்டிலிருந்து இறக்கியிருக்கிறேன், ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். உள்ளே இருந்த மூன்றாம் மாடி டீச்சரம்மா பேச ஆரம்பித்தார். "உங்க பையனா? ரொம்ப நல்ல மாதிரி. அந்தப் பொண்ணு சாமான் எல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் போனப்பகூட, இவர்தான் சோபாவை ஒரு முனையில பிடிச்சு இறக்கிக் குடுத்தார். பாவம், அதுலேர்ந்து தனியாத்தான் இருக்கார்."

அந்தச் சக்கரத்தை அவசரமாகச் சுற்ற முடியாது, அக்கா. அங்குலம் அங்குலமாகத்தான் லிப்ட் இறங்கும். ஸ்பீக்கரில் அம்மா டப்பா திறக்கும் ஓசை கேட்டது. "எடுத்துக்கங்க. வீட்ல செஞ்ச கேக். தம்பி, நீயும் எடுத்துக்கப்பா" என்றாள். தம்பி என்றது பார்சல் கொடுக்க வந்தவரை.

நான் ஓடி இறங்கி வந்து கதவைத் திறந்தபோது மூன்று பேர் வாயிலும் கேக். அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சோபா போயிடுச்சாமே. எதுல உக்கார்றே?"

"நாற்காலி இருக்கும்மா."

"எத்தனை?"

"ஒண்ணு."

ராத்திரி அவள் நாற்காலியிலும் நான் கருவிப் பெட்டி மேலும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆமாம், நாங்கள் பிரிந்துவிட்டோம். பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம், அவ்வளவுதான். விருந்து மேஜையில் அத்தனை பேர் நடுவில் "அவ எங்கே?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதற்குப் பயந்துதான் வரவில்லை என்றேன்.

இதற்குள் அம்மா என் கரண்டிகளை எல்லாம் இடம் மாற்றிவிட்டாள். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி

டிசம்பர் 20

தம்பிக்கு,

பார்சல்காரருக்குத் தெரிகிறது. டீச்சரம்மாவுக்குத் தெரிகிறது. காவலாளிக்கும் தெரிந்திருக்கும். கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை! நான் பாட்டுக்கு முட்டாள் மாதிரி அவளையும் அழைத்து வா என்று எழுதிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்ட எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

"பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் அம்மா கிளம்பினாள். நான் வேலை முடிந்து வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டுக் காகிதம்: "கேக் கெட்டுப்போகும். அவனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்." போன் அணைந்திருந்தது. மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். நீ போன் செய்யும்வரை எனக்கு உயிர் இல்லை.

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் எனக்கு விடுமுறை. எட்டு மணி வரை தூங்கினேன். உட்கார்ந்து டீ குடித்தேன். யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. நன்றாக இருந்தது. அம்மா இல்லாதது நன்றாக இருந்ததடா. அப்பா போனதிலிருந்து அவள் என்னிடம்தான். மருந்தும் நான், சர்க்கரையும் நான், திட்டும் எனக்கு. "ஒரு மாசம் நான் வச்சுக்கறேன்" என்று நீ ஒருநாள் சொன்னதில்லை. கேக் மட்டும் உனக்கு ரயிலேறி வருகிறது.

உன் கஷ்டத்தைப் படித்து அழவும் வருகிறது, உன்னை அடிக்கவும் தோன்றுகிறது. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

அக்கா

டிசம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மா படிக்கச் சொன்னாள். பாதி வரை படித்தேன். அப்புறம் தடுமாறினேன்.

"என்னடா முழுங்கறே?"

"ஒண்ணும் இல்லம்மா, கையெழுத்து புரியல."

"அவ கையெழுத்தா புரியல? குடு இங்க."

பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது கடிதத்தை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"எட்டு மணி வரைக்கும் தூங்கினாளாமா?"

"ஆமாம்மா."

"தூங்கட்டும்."

காலையில் எழுந்ததும், "இன்னொரு நாற்காலி வாங்கு. பிப்ரவரி வரைக்கும் நான் இங்கதான்" என்றாள். உன்னிடம் கோபமா என்று கேட்டேன். "என்கிட்ட சொல்லியிருந்தா முன்னாடியே வந்திருப்பேன். எம் பிள்ளைங்க ரெண்டும் வாயைத் திறக்காதுங்க" என்றாள்.

இப்போது டீச்சரம்மா வீட்டு ஓவனில் அம்மா பிஸ்கட் சுடுகிறாள். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறி இறங்குவது நான். பிப்ரவரி வருவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நீ எப்படித்தான் சமாளித்தாய்?

விடுமுறைக்கு அம்மாவை நானே அழைத்து வருகிறேன். முடிந்ததும் என்னோடு திரும்பி விடுவாள். ஒன்றே ஒன்று. நாங்கள் பிரிந்ததைப் பற்றி யாரும் என்னைக் கேட்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவை.

தம்பி

டிசம்பர் 26

டேய்,

அதைப் போய் அம்மா கையில் கொடுத்தாயா! பாதியை மென்று முழுங்கக்கூடத் தெரியாதா உனக்கு? இரண்டு நாளாக அம்மாவிடம் போனில் பேச எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நேற்று அவளே கூப்பிட்டாள். "பழுப்புச் சர்க்கரை மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வைத்த பிறகு அழுதேன். மாமா பயந்துபோய்விட்டார்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது கேட்பேன். நான் கழுவுகிறேன், நீ துடை. என் முகத்தைப் பார்க்க வேண்டாம், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னால் போதும். தட்டுகள் நிறைய இருக்கும்.

உன் அக்கா