அலமாரியில் நீலச் சட்டைகள்

என் நீலச் சட்டைக்காரருக்கு,

எனக்கு ஆபரேஷன் முடிந்து நீங்கள் வேலைக்கு ரயில் ஏறிய மறுநாள் என் கண் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கொண்டுவந்து போட, வெள்ளை என்று நான் துவைத்து வைத்த உங்கள் ஹோட்டல் சர்வர் சட்டை அத்தனையும் நீலம்! கண் புரையில் எல்லாம் எனக்குப் பழுப்பாகத் தெரிய, சொட்டு நீலத்தை மேலும் மேலும் ஊற்றியிருக்கிறேன். ஒரு வருஷமாக அதைப் போட்டுக்கொண்டு பரிமாறினீர்களே, வாயில் என்ன பூட்டா?

உங்கள் முதலாளியிடம் ஃபோனில் கேட்டேன். "புது யூனிஃபார்ம்னு சொன்னாரும்மா" என்று சிரிக்கிறார்.

கண் லென்ஸுக்குள் புரதம், மடித்து அடுக்கிய துணிபோல இருக்குமாம். மடிப்புக் கலைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, லென்ஸே மங்கிவிடுமாம். என் கண்ணைச் சோதித்த அன்றைக்கு டாக்டரம்மா சொன்னார்.

"மறுபடி மடிச்சு வைங்களேன், டாக்டரம்மா."

"துணின்னா மடிக்கலாம். இதை எடுத்துட்டுப் புது லென்ஸ்தான் வைக்கணும்."

கத்தி என்றாலே ஓடுகிறவள் நான். "எனக்குத்தான் கண்ணு மங்குது, துணைக்கு வாடி" என்று கூட்டிப்போய், உங்கள் கண்ணைக் காட்டிவிட்டு அதே நாற்காலியில் என்னை உட்கார வைத்தீர்களே, மாயக்காரரே! அந்தப் பொய்க்கு என் கும்பிடு.

இடது கண் இன்னும் பாக்கி. அதை மட்டும் திறந்து பார்த்தால் உங்கள் சட்டை இப்போதும் வெள்ளைதான். அதற்கும் இன்று காலை நானே போய்த் தேதி வாங்கிவிட்டேன். இந்த முறை யாரும் என்னை ஏமாற்ற வேண்டாம். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உங்களைச் சாயத்தில் முக்கியெடுத்த மகாராணி